ஏரிக்கரையில் மவுண்டன் பைக்: நாற்பதுக்குப் பிறகு மறுபடி தொடங்குகிறவர்களுக்கு

நாற்பதைத் தாண்டி மவுண்டன் பைக்கை மறுபடி கையில் எடுக்க நினைக்கும் சென்னைக்காரர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது ஏலகிரியைப் பற்றித்தான். எப்போது போகலாம், சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது, எங்கே தங்குவது. ஏலகிரியை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வருடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரை என்று சொல்வேன். கேட்பவர் முகம் கொஞ்சம் வாடும். இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

மூச்சும் தொடை பலமும் சில மாதங்களில் திரும்பிவிடும். கைப்பக்குவம்தான் தாமதமாக வரும். சரளையில் முன்சக்கரம் நழுவும்போது உடம்பு தானாகவே எடையை மாற்றிக்கொள்வது, பள்ளம் வரும் முன்பே முழங்கையும் முழங்காலும் இளகிக் கொடுப்பது, பிரேக்கை எங்கே விட வேண்டும் என்று விரலுக்குத் தெரிவது எல்லாம் அதில் அடக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போய் வந்தால் இது வராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், கொஞ்ச நேரமாவது, மண்ணில் ஓட்ட வேண்டும். சென்னையில் அந்த மண் ஏரிக்கரையில் கிடைக்கிறது.

நான் கோத்தகிரியில் வளர்ந்தவள். அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. தொண்ணூறுகளில் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த ஹெர்குலிஸ் எம்.டி.பி.யில்தான் (மவுண்டன் பைக்கின் சுருக்கப் பெயர்) தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் இறங்கப் பழகினேன். அதில் கியர் கிடையாது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், அவ்வளவுதான். அந்த சைக்கிளின் கம்பெனி சென்னை அம்பத்தூரில் இருந்தது என்பது இங்கே குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று இருபது வருடத்துக்கு மேல் சைக்கிள் பக்கமே போகவில்லை. இப்போது 47 வயது, ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தத் தென்சென்னை ஓரத்தில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

உடம்பு

முதலில் டாக்டரைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் எடுத்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதற்கு வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அப்படியானால் சரியான வேகம். முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் இந்த வேகத்திலேயே இருங்கள். தசை சீக்கிரம் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். மூன்றாவது வாரத்தில் “நன்றாகத்தானே இருக்கிறது” என்று தூரத்தை இரட்டிப்பாக்கும்போதுதான் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

சைக்கிள் மட்டும் போதாது என்பதை, குறிப்பாக என் வயதுப் பெண்களுக்கு, அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. சைக்கிள் ஓட்டுவது இதயத்துக்கு நல்லது, ஆனால் உட்கார்ந்தே ஓட்டுவதால் எலும்பின் மேல் பாரம் அதிகம் விழுவதில்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குங்கள். ஜிம்முக்குப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், எல்லார் வீட்டிலும் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. பாதி நிரப்பிய கேனில் தொடங்கி, முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்துத் தூக்கி இறக்குங்கள். அப்புறம் மாடிப்படி ஏறி இறங்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. கரடுமுரடான பாதையில் முதலில் களைப்பது மணிக்கட்டும் தோளும்தான், கால் இல்லை.

பலர் யோசிக்காத ஒன்று மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியாக வரும் ப்ரோகிரஸிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. சைக்கிளில் அதன் வழியாகத் தரையைப் பார்த்தால் கல்லும் பள்ளமும் மங்கலாகத் தெரியும், தூரமும் சரியாகப் பிடிபடாது. தூரப் பார்வைக்கு மட்டுமான லென்ஸில் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். விடிகாலையில் ஏரிப் பக்கம் பறக்கும் பூச்சிகளிடமிருந்தும் அது காப்பாற்றும்.

சைக்கிள்

புதுசு வாங்க அவசரம் வேண்டாம். பழைய 26 இஞ்ச் சக்கர எம்.டி.பி. பரணிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கிடந்தால் அதிலேயே தொடங்கலாம். இப்போது வரும் 27.5, 29 இஞ்ச் சக்கரங்கள் கல்லின் மேல் சுலபமாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு எப்படிப்பட்ட பாதை பிடிக்கும் என்று தெரிந்த பிறகு வாங்கினால் சரியானதை வாங்குவீர்கள்.

பழைய சைக்கிளில் ரப்பரை முதலில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டை, கேபிள் இரண்டையும் பார்க்காமலேயே மாற்றலாம். கடற்காற்றில் கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். தாம்பரத்தில் நான் சைக்கிள் கொடுக்கும் கடைத் தம்பி எப்போதும் சொல்வான்: “அக்கா, முதல்ல செயினை அளங்க, அப்புறம் கியரைப் பத்திப் பேசலாம்.” டேப்பின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து இழுங்கள். 12 இஞ்ச் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக உட்கார்ந்தால் செயின் நல்ல நிலையில் இருக்கிறது. 1/16 இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 இஞ்ச் தள்ளியிருந்தால் பின்சக்கரப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், செயினை மட்டும் மாற்றினால் நழுவும்.

ஹெல்மெட் மட்டும் புதுசு. பழைய ஹெல்மெட்டைப் போட வேண்டாம். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

சீட் உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். மண்பாதையில் இறங்கும் முன் இரண்டு மூன்று விரல்கடை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய எம்.டி.பி.களில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் நீளமாக இருக்கும், அதனால் உடம்பு முன்னால் சாய்ந்து கழுத்தும் மணிக்கட்டும் நோகும். குட்டை ஸ்டெம்மும் கொஞ்சம் அகலமான ஹேண்டில்பாரும் போட்டுப் பாருங்கள். குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தருவது வேறு இல்லை என்பது என் எண்ணம்.

காற்று. தெருமுனை பஞ்சர் கடையில் டயர் கல்லாகும் வரை அடித்துக் கொடுப்பார்கள். தார் ரோட்டுக்கு அது சரி, மண்ணில் அப்படி ஓட்டினால் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். 65, 70 கிலோ எடையுள்ளவர், 2.1 அல்லது 2.2 இஞ்ச் டயரில் ட்யூபோடு ஓட்டினால் முன்னால் 30 பி.எஸ்.ஐ., பின்னால் 33 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அதற்காகவே அளவுகாட்டி உள்ள பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றையும் பையில் போட்டுவையுங்கள். தெருக்கடை கம்ப்ரெஸர் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும்.

இனி முள். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம் இல்லாத இடமே இல்லை. அதன் முள் காய்ந்த பிறகும் ஆணிபோல நிற்கும். ட்யூபோடு ஓட்டுகிறவர்கள் இரண்டு மாற்று ட்யூப் எடுத்துப் போக வேண்டும். பஞ்சரான ட்யூபைக் கழற்றியதும் புது ட்யூபைச் செருகிவிடாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி, உடைந்து நிற்கும் முள் நுனியைத் தேடி எடுங்கள். சில சமயம் இரண்டு மூன்று இருக்கும். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். உள்ளே ஊற்றும் சீலன்ட் ஓட்டையைத் தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எங்கே ஓட்டுவது

செங்கல்பட்டுக்கு ஏரிகள் மாவட்டம் என்று பெயர் உண்டு. எங்கள் பக்கத்தில் மட்டும் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். உங்கள் பகுதியில் எது என்று தெரியாவிட்டால் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு பக்கம் வில்லாக வளைந்து போகும் கோடுதான் கரை. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடைபாதை போட்டு வேலி கட்டிய ஏரிகளில் காலை நேரம் நடப்பவர்களுக்கானது, அங்கே சைக்கிள் வேண்டாம். மண்கரையாகவே இருக்கும் ஏரிகள்தான் நமக்கு.

ஒரு ஏரியில் என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கரை மேல் ஒற்றையடிப் பாதை: குறுகலான பாதையில் நேர்கோடு பிடித்து ஓட்டப் பழகலாம். மாடும் டிராக்டரும் கரையேறும் சரிவு: சின்ன ஏற்றம், சின்ன இறக்கம். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலின் கற்படிகளும் சிமென்ட் சரிவும்: முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஓட்டுவதற்கு. கோடையில் நீர் வற்றியதும் உள்வாய் ஓரத்தில் இறுகிப்போன குளம்புத் தடங்கள்: கோத்தகிரியின் கல்பாதையில் கை எப்படி அதிர்ந்ததோ அப்படியே அதிரும். கரை பத்து பன்னிரண்டு அடி உயரம்தான். அதையே இருபது தடவை ஏறி இறங்கினால் ஒரு மலைச்சரிவில் கற்கும் பாடம் கிடைத்துவிடும். விழுந்தாலும் வீடு பக்கம்.

இன்னொரு நல்ல இடம், அகரம்தென், பொன்மார் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டு, வீடு வராமல் கிடக்கும் லேஅவுட்டுகள். சரளைச் சாலை, வண்டி நடமாட்டம் இல்லை, ஞாயிறு காலையில் ஆளே இருக்காது. காவலாள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. நன்மங்கலமும் வண்டலூரும் காப்புக்காடுகள், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பல்லாவரம், திரிசூலம், ஒட்டியம்பாக்கம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றின் விளிம்பு உடைந்த பாறை, கீழே ஆழமான தண்ணீர். நீச்சல் தெரிந்தவர்கள்கூட இறந்திருக்கிறார்கள். விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள்.

என்ன பழகுவது

முதல் மாதம் லேஅவுட் போதும். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, சீட்டிலிருந்து எழுந்து நின்று, முழங்கால் முழங்கை மடங்கி, மிதிக்காமல் உருளுங்கள். மண்பாதையில் பாதி நேரம் இந்த நிலையில்தான் இருப்பீர்கள். நின்றவாறே சைக்கிளைக் கால்களுக்கு நடுவில் இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள், உடம்பு அசையக் கூடாது.

அடுத்து, பொங்கல் விளையாட்டில் வைப்பார்களே, ஸ்லோ சைக்கிள் ரேஸ். யார் கடைசியாக வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. சமநிலைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இரண்டு மனைக் கற்களுக்கு இடையில் கால் ஊன்றாமல் எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியும் என்று தினமும் ஐந்து நிமிடம் பாருங்கள். பின்பிரேக்கை லேசாகப் பிடித்தபடி மிதித்தால் சைக்கிள் நிதானப்படும்.

பிரேக்கில் எந்தக் கை முன்சக்கரம் என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், முதலில் அதைச் சரிபாருங்கள். லீவரில் ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்கள் பிடியை விடக் கூடாது. நிறுத்தும் சக்தி பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. சின்ன வயதில் “முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்” என்று சொல்லி வளர்த்ததால் பலர் அதைத் தொடுவதே இல்லை. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைக் கீழே இறக்கி, லீவரை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். சரளையில் கோடு போட்டு, கோட்டுக்கு முன் நிற்கப் பழகுங்கள். வளைவில் முன்பிரேக்கைப் பிடிப்பதுதான் ஆபத்து. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

பார்வை எங்கே இருக்கிறதோ சைக்கிள் அங்கே போகும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் ஏறும். பத்துப் பதினைந்து அடி முன்னால், கல்லுக்குப் பக்கத்து வழியைப் பாருங்கள். இரண்டாவது மாதத்திலிருந்து கரைக்கு மாறலாம். வார நாளில் இரண்டு தடவை முக்கால் மணி நேரம், ஞாயிறன்று ஒன்றரை, இரண்டு மணி நேரம். நான்காவது வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் உடம்பு ஓய்வில்தான் தேறுகிறது.

ஏற்றத்துக்குப் பயிற்சி வேண்டும் என்பவர்களுக்கு எதிர்காற்றுதான் சென்னையின் மலை. கோவளத்தைத் தாண்டி ஈ.சி.ஆரில் எதிர்காற்று வீசும் திசையில் அரை மணி நேரம் ஓட்டினால் தெரியும். திரும்பியதும் அன்றைக்கே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று மறுநாள் வரை காத்திருக்காது.

வெயில், மழை, நாய்

பொங்கலிலிருந்து மார்ச் வரை மிக நல்ல காலம். கரை காய்ந்து இறுகியிருக்கும், காலையில் குளிர்ச்சி. ஏப்ரலுக்குப் பிறகு ஐந்தரைக்குள் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்புங்கள். கத்திரி நாட்களில் அதையும் பாதியாக்குங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரமாகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் உப்புப் போட்ட மோரோ, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலோ நல்லது. பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கரைப் பக்கம் போகாதீர்கள். ஈரக் களிமண் டயரில் அப்பி சக்கரமே சுற்றாது. அதைவிட முக்கியம், நனைந்த கரையில் சக்கரம் போட்ட தடம் நீர் ஓடும் கால்வாயாகிக் கரையை அரிக்கும். அது ஊரின் ஏரி. அந்த இரண்டு மாதம் எடைப் பயிற்சிக்கும் சைக்கிள் சர்வீஸுக்கும். கரையோரப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கும், எந்தக் காலத்திலும் புல்லுக்குள் கால் வைக்கும் முன் பார்த்து வையுங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி நின்று, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து போங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டாலோ பல் கீறிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

பெண்களுக்கு இரண்டு வார்த்தை. துப்பட்டா, நீளமான குர்தி வேண்டாம், செயினில் மாட்டும். பேட் வைத்த ஷார்ட்ஸின் மேல் தளர்வில்லாத டிராக் பேன்ட் போட்டால் போதும். வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு பேராகப் போங்கள், இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவர் போனில் பார்க்கும்படி லொகேஷனைப் பகிர்ந்துவிடுங்கள். வழியில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாதையை முடிவு செய்யுங்கள்.

மலைக்குப் போகும்போது

ஒரு வருடம் கரையில் பழகிய பிறகு ஏலகிரி நல்ல முதல் மலை. ஜோலார்பேட்டைக்குப் பக்கம், உயரம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் யார் பெயர் என்று படித்துக்கொள்ளலாம். மேலே ஊர்களுக்கு இடையே உள்ள மண்சாலைகளில் ஓட்டுங்கள், காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018இல் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நீலகிரிக்குப் போனால் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் பெரும்பாலும் தனியாருடையவை, எஸ்டேட்டில் கேட்டுவிட்டு இறங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை தோட்டத்துக்குள்ளேயே மேயும். காலை எட்டுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பிறகும் ஓட்ட வேண்டாம்.

காரில் கொண்டுபோக முன்சக்கரத்தைக் கழற்றினால், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் பிரேக் பேட்களுக்கு நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தைத் திரும்ப மாட்ட முடியாது.

மலையிலிருந்து தார் ரோட்டில் இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு குறையும். நேர்ப்பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி பிடியுங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச் சாலையின் விதி. வளைவில் பஸ் திரும்ப முழு அகலமும் தேவைப்படும், ஹாரன் கேட்டதும் மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். பாதி வழியில் ஒரு தடவை நின்று கையை உதறிவிட்டு, பிரேக் ஆறட்டும். டிஸ்க்கை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.